பழைய நூலகக் கட்டடத்துக்கு ஷாப் டிராயிங் வரைந்து கொடுத்த ஒரு சேவை: 11 மாத அனுபவத்தின் மதிப்பீடு

ஷாப் டிராயிங், அதாவது பட்டறையில் எஃகை வெட்டித் துளையிடுவதற்கான வரைபடம், வரையும் ஓர் அலுவலகத்துக்கு வேலை ஆணை கொடுத்த ஒன்பதாம் நாள் அங்கிருந்து முதல் மின்னஞ்சல் வந்தது. அதில் வரைபடம் ஒன்றுகூட இல்லை. 22 கேள்விகள் மட்டுமே வரிசையாக இருந்தன. "வரையச் சொன்னா கேள்வி கேக்குறாங்களே சார்" என்று ஒப்பந்ததாரர் வருத்தப்பட்டார். பழைய கட்டடங்களில் எஃகு வேலையை மேற்பார்வையிட்டு வரும் எனக்கோ, அந்தப் பட்டியலைப் படித்து முடித்தபோது பெரும் நிம்மதி ஏற்பட்டது. புதிய கட்டடத்தில் வடிவமைப்புப் பொறியாளர் தரும் அளவே உண்மை. ஷாப் டிராயிங் வரைபவர் அதைப் பட்டறைக்குப் புரியும் மொழியில் பிரித்து எழுதினால் போதும். பழைய கட்டடத்தில் சுவரும் கர்டர் என்னும் இரும்பு உத்திரமும் நிற்கிற நிலையே உண்மை; வடிவமைப்பு வரைபடம் அந்த உண்மையைப் பற்றிய ஓர் ஊகம்தான். அந்த ஊகத்தைக் கேள்வி கேட்காமல் அப்படியே வரைந்து அனுப்புகிற அலுவலகத்திடம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், புனரமைப்பு வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான் மதிப்பிடுவது சென்னையில் இயங்கும் ஒரு நடுத்தர டீட்டெய்லிங் (ஷாப் டிராயிங் வரையும்) அலுவலகத்தின் சேவையை. குறைகளையும் வெளிப்படையாகச் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய அலுவலகங்கள் சென்னையிலும் கோவையிலும் ஏராளமாக உள்ளன. அவற்றில் பல வெளிநாட்டுக் கட்டடங்களுக்கே பெரும்பாலும் வரைகின்றன. உள்ளூர்ப் புனரமைப்பு வேலையை ஏற்றுக்கொள்பவை சிலவே.

கட்டடம் ஒரு மாவட்டத் தலைநகரின் பழைய பொது நூலகம். ஒரு பக்கத்தில் தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மெட்ராஸ் டெரஸ். 24 அடி அகலமுள்ள வாசிப்புக் கூடத்தின் மேலோ, 4 அடிக்கு ஒன்றாக 15 இரும்புக் கர்டர்களும் அவற்றுக்கு இடையே செங்கல் வளைவுகளும் கொண்ட தளம். அலுவலக அறைகளாக இருந்த மேல்தளத்தைப் புத்தக அடுக்கறையாக மாற்றுவதும், மின்தூக்கிக்கும் புதிய படிக்கட்டுக்கும் எஃகுச் சட்டகம் அமைப்பதும் திட்டம். தனிக் கோப்பறை உள்ள சாதாரண அலுவலக அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் சுமை கணக்கிட்டால் போதும். நூலக அடுக்கறைக்கோ 2.2 மீட்டர் உயரம் வரை 6 கிலோநியூட்டனும், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 2 கிலோநியூட்டனும் கொள்ள வேண்டும் என்கிறது கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி. பழைய கர்டர்கள் தனியாக அந்தச் சுமையைத் தாங்கா. ஆகவே ஒவ்வொரு கர்டருக்கும் அடியில் ஒரு புதிய எம்.பி. 300 பீமை (300 மி.மீ. ஆழமுள்ள, 'I' வடிவ எஃகு உத்திரம்) கொடுத்து, சுவரோரம் நிற்கும் புதிய தூண்களின் மேல் நீளவாட்டில் ஓடும் பீம்களில் அவற்றை ஏற்றுவது என்று வடிவமைக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 32 டன் எஃகு. டன் கணக்கில் சிறிய வேலை, தலைவலிக் கணக்கில் பெரிய வேலை.

இனி அந்தக் கேள்விகளுக்கு வருகிறேன். முதல் கேள்வியே கூடத்தின் அகலத்தைப் பற்றியது. வடிவமைப்பு வரைபடத்தில் 7,315 மி.மீ. என்று இருந்தது, அது 24 அடியை மில்லிமீட்டராக மாற்றி எழுதிய எண் என்பதை அவர்கள் உடனே கண்டுகொண்டு, "இது அளந்த அளவா, மாற்றிய அளவா?" என்று கேட்டிருந்தார்கள். மாற்றிய அளவுதான். அதன் பிறகு கூடத்தை லேசர் ஸ்கேன் செய்து, ஒன்பது இடங்களில் நாடாவாலும் அளந்தோம். ஒரு முனையில் 7,288, நடுவில் 7,331, எதிர்முனையில் 7,302. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய, பலமுறை பூசி வெள்ளையடித்த சுவர் இப்படி வளைந்து நெளிந்திருப்பதில் வியப்பில்லை. 7,315 என்ற எண்ணை நம்பிப் பட்டறையில் பீம் வெட்டியிருந்தால், ஒரு முனையில் சுவரைக் கொத்தியிருப்போம், நடுவில் இடைவெளியை அடைக்கப் பிளேட் தேடியிருப்போம்.

இந்த இடத்தில் அவர்கள் தந்த தீர்வுதான் இச்சேவையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம். சுவரைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு பீமுக்கும் வெவ்வேறு நீளம் கொடுப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அவர்களோ, சுவர் மிக அதிகமாக உள்ளே புடைத்திருக்கும் புள்ளியிலிருந்து சற்றே விலகிக் கூடத்துக்குள் இரண்டு நேர்கோடுகளை நிறுவி, தூண்களையும் நீளவாட்டுப் பீம்களையும் அந்தக் கோடுகளில் நிறுத்தலாம் என்றார்கள். அப்படிச் செய்ததால் 15 பீம்களும் 6,840 மி.மீ. என்ற ஒரே நீளத்துக்கு வந்துவிட்டன. சுவரின் கோணலைச் சுவரிடமே விட்டுவிட்டு எஃகை நேராக வைத்துக்கொள்ளும் இந்த முறையால் பட்டறையின் வேலை பாதியாகக் குறைந்தது. கோட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி முதலில் 60 மி.மீ. என்று நாங்கள் சொன்னோம். தூணின் தலைப்பிளேட்டில் சுவர்ப்பக்கம் வரும் இரண்டு எம்20 (20 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளை முடுக்க ஸ்பேனர் திரும்ப இடமில்லை என்று ஒரு சிறிய வெட்டுத்தோற்றம் வரைந்து காட்டி, அதை 100 மி.மீ. ஆக்கச் செய்தார்கள். கணினியில் போல்ட் போடுவது எளிது. அதை முடுக்கும் கை எங்கிருந்து வரும் என்று நினைத்துப் பார்க்கிற வரைபவர் அரிது.

நேர்கோடு கிடைமட்டத்துக்குத்தான் உதவும். உயரத்தில் கர்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு தொய்ந்திருந்தன. அதிகமாகத் தொய்ந்த கர்டர் நடுவில் 18 மி.மீ. இறங்கியிருந்தது. புதிய பீமுக்கும் பழைய கர்டருக்கும் இடையே சுமை சீராக இறங்க வேண்டுமானால், ஒவ்வொரு கர்டரிலும் ஐந்து இடங்களில் தனித்தனித் தடிமனில் பேக்கிங் பிளேட் (இடைவெளியை நிரப்பும் தகடு) வேண்டும். அவர்கள் ஸ்கேன் புள்ளிகளிலிருந்து இதற்கென ஓர் அட்டவணை தயாரித்து, பிளேட்டுகளை 3, 5, 6, 8, 10 மி.மீ. என்று கடையில் கிடைக்கும் தடிமன்களின் கூட்டாகவே கொடுத்தார்கள். 13.7 மி.மீ. என்று எழுதிவிட்டு மீதியைச் சைட் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை.

பழைய கர்டர்களை அடையாளம் காண்பதில்தான் முதல் பிழை நேர்ந்தது. சுண்ணாம்புப் பூச்சையும் பல அடுக்குப் பெயின்ட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, ஒரு கர்டரின் நடுத்தகட்டில் (மேல், கீழ்ப் பட்டைகளை இணைக்கும் செங்குத்துத் தகடு) 'டார்மன் லாங், மிடில்ஸ்பரோ' என்று உருட்டும்போதே பதித்த எழுத்துகள் மேலெழுந்து வந்தன. 1932-இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய அதே இங்கிலாந்து நிறுவனம் அது. கப்பலில் வந்து இறங்கிய கர்டர்கள். வெர்னியரால் அளந்தால் ஆழம் 305 மி.மீ., பட்டை அகலம் 127 மி.மீ.; அதாவது 12 அங்குலமும் 5 அங்குலமும். இந்த அளவுகளை நாங்கள் எழுதி அனுப்பியிருந்தும், முதல் வெளியீட்டில் அவர்கள் மென்பொருளின் நூலகத்திலிருந்து எம்.பி. 300-ஐ எடுத்துப் பழைய கர்டரின் இடத்தில் வைத்துவிட்டார்கள். எம்.பி. 300-இன் பட்டை அகலம் 140 மி.மீ. ஆழத்தில் 5 மி.மீ. வித்தியாசத்தைப் பேக்கிங் விழுங்கிவிடும். அகலத்தில் 13 மி.மீ. வித்தியாசத்தை விழுங்க எதுவும் இல்லை. ஏனென்றால் பழைய கர்டரையும் புதிய பீமையும் இணைக்கும் கிளாம்புகள் அந்தப் பட்டையின் ஓரத்தைத்தான் கவ்விப் பிடிக்கின்றன. 140-க்கு வரைந்த கிளாம்பு 127-இன் ஓரத்தில் நகம் அளவுகூடப் பிடிக்காது. எங்கள் சரிபார்ப்பில் இது தெரியவந்தது. தெரியாமல் போயிருந்தால் அத்தனை கிளாம்புகளும் காயலான் கடைக்குப் போயிருக்கும். சுட்டிக்காட்டியதும் அவர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டு, அளந்த அளவுகளில் தனிக் குறுக்குவெட்டு ஒன்றை உருவாக்கி, நான்கு நாட்களில் திருத்தி அனுப்பினார்கள். இருந்தாலும் அளவுத்தாள் கையில் இருக்கும்போது நேர்ந்த பிழை என்பதால் இதைக் குறையாகவே பதிவு செய்கிறேன்.

கிளாம்பு எதற்கு, வெல்டிங் செய்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். இதுவும் அவர்களுடைய கேள்விப் பட்டியலில் இருந்தது: "பழைய எஃகின் வேதியியல் சோதனை அறிக்கை கிடைக்கும் வரை, அதன் மேல் எந்த வெல்டிங் குறியும் வரைய மாட்டோம்" என்று எழுதியிருந்தார்கள். இன்று நாம் வாங்கும் ஐ.எஸ். 2062 இ250 ரக எஃகில் கார்பன் சமானம் (வெல்டிங்குக்கு எஃகு எவ்வளவு ஏற்றது என்று காட்டும் எண்) 0.42-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. கந்தகத்துக்கும் பாஸ்பரசுக்கும் வரம்பு உண்டு. அந்தக் காலத்து எஃகுக்கு அப்படி எந்த உறுதியும் கையில் இல்லை. சுமை குறைந்த ஓர் ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியதில், கந்தகமும் பாஸ்பரசும் இன்றைய வரம்புக்கு மேலேயே இருந்தன. வெல்டிங் செய்தால் இணைப்பு ஆறும்போது விரிசல் விடும் அபாயம் உண்டு என்பதால், பழைய எஃகில் துளையும் இல்லை, வெல்டிங்கும் இல்லை, கிளாம்பு மட்டுமே என்று வடிவமைப்புப் பொறியாளர் முடிவு செய்தார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய படிக்கட்டின் இரண்டு இடைத்தளங்களும் மேல் பீமிலிருந்து தொங்கும் எஃகுக் கம்பிகளில் நிற்கின்றன. ஒரே கம்பி மேல் இடைத்தளத்தின் வழியாக இறங்கிக் கீழ் இடைத்தளத்தையும் தாங்குகிறது. நீண்ட கம்பியின் நடுவில் மரை வெட்டுவது கடினம், இரண்டு கம்பிகளாகப் பிரித்து வரைந்து கொடுங்கள் என்று துவாக்குடியில் இருக்கும் பட்டறை நேரடியாக அவர்களைக் கேட்டது. அவர்கள் வரைய மறுத்து, வடிவமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இதைத் தொட மாட்டோம் என்று எங்களுக்கு எழுதினார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு உடனே கேன்சஸ் சிட்டி நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அந்த நகரில் ஒரு விடுதியின் தொங்கும் நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்து 114 பேர் உயிரிழந்தார்கள். ஒரே கம்பியாக வடிவமைத்திருந்ததை ஷாப் டிராயிங் கட்டத்தில் இரண்டு கம்பிகளாக மாற்றியதில், மேல் நடைபாதையின் இணைப்பு தன் சுமையோடு கீழ் நடைபாதையின் சுமையையும் சேர்த்துத் தாங்க நேர்ந்தது. அந்த இணைப்பின் மேல் விழுந்த பாரம் இரட்டிப்பானதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. எங்கள் படிக்கட்டு அதைவிட மிகச் சிறியதுதான். இருந்தும், பட்டறையின் வசதிக்காக வந்த ஒரு கோரிக்கையைச் சத்தமில்லாமல் வரைந்து கொடுக்காமல் பொறியாளரின் மேசைக்குத் திருப்பி அனுப்பிய அந்த ஒழுக்கத்துக்காகவே இவர்களுக்கு மறுபடியும் வேலை கொடுப்பேன். கம்பி ஒன்றாகவே இருந்தது. கூடுதல் நீளத்துக்கு மரை வெட்டக் கூலியை உயர்த்திக் கொடுத்தோம்.

இனி பெருங்குறைக்கு வருகிறேன். 6,840 மி.மீ. நீளமுள்ள எம்.பி. 300 பீம் ஏறத்தாழ 315 கிலோ எடை. வரைபடம் ஒப்புதலாகி, முதல் இரண்டு பீம்கள் பட்டறையிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது, எரெக்‌ஷன் குழுவின் (எஃகைத் தூக்கிப் பொருத்தும் குழு) ஃபோர்மேன் வாசலில் நின்றபடி என்னைக் கேட்டார்: "சார், இதை எந்த வழியா உள்ள கொண்டு போகச் சொல்றீங்க?" கூடத்துக்குள் கிரேன் நுழைய வழியில்லை, மேலே தளத்தைத் திறக்க அனுமதியில்லை, முன்வாசல் தாழ்வாரத்திலிருந்து கூடத்துக்குள் திரும்பும் இடத்தில் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான எதையும் திருப்ப முடியாது. இந்த ஒரு கேள்வி அந்த 22 கேள்விகளில் இல்லை. கொண்டுசெல்லும் வழியை வரைந்து கொடுக்காதது எங்கள் தவறும்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கட்டடம் முழுவதையும் ஸ்கேன் செய்து மாதிரியாக வைத்திருந்தவர்கள், வாசல் உட்பட எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு பீமை அந்த வாசல் வழியே நகர்த்திப் பார்த்திருக்கலாம். புனரமைப்பு வேலைக்கென்று கட்டணம் வாங்கும் அலுவலகத்திடம் இதை எதிர்பார்ப்பது மிகையல்ல.

பீம்களை இரண்டு துண்டுகளாக்கிப் போல்ட் இணைப்புப் போட வேண்டியதாயிற்று. வளைவுத்திறன் அதிகம் தேவைப்படும் நடுப்பகுதியைத் தவிர்த்து, மூன்றில் ஒரு பங்கு நீளத்தில், 2,280 மி.மீ., 4,560 மி.மீ. என்று பிரித்தார்கள். பெரிய துண்டு 210 கிலோ. செயின் பிளாக்கில் தூக்கலாம், ஆட்கள் உருளைகளின் மேல் தள்ளிக்கொண்டு போகலாம். எம்.பி. பீமின் பட்டை உட்புறம் சரிவாக இருப்பதால் போல்ட் தலைக்கு அடியில் சரிவு வாஷர் வேண்டும் என்பதைக்கூட மறக்காமல் போல்ட் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். திருத்தப்பட்ட தாள்கள் வந்துசேர ஒன்பது நாட்கள் ஆயின. பட்டறையில் துளையிட்டு முடிக்க இன்னும் இரண்டு வாரம். இணைப்புக் கணக்கு ஒப்புதலாகும் வரை காத்திருந்த நாட்களையும் சேர்த்தால் ஒரு மாதம் போயிற்று. நூலகம் ஒரு பகுதி திறந்தே இருந்தது. போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்த ஒரு மாதமும் சாரத்துக்கு அடியில், தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்தபோது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

தாள்களின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வொரு உறுப்புக்கும் தனிக்குறி, ஒவ்வொரு தாளிலும் திருத்தம் எங்கே என்று மேகக்கோட்டால் சுற்றிய அடையாளம், துளைகளுக்கும் வெட்டுகளுக்கும் எந்திரம் படிக்கும் கோப்பு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. எம்20 போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை, வெட்டிய ஓரத்திலிருந்து துளைக்கு இருக்க வேண்டிய தூரம் ஆகியவற்றில் எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 800:2007-க்கு மாறான ஓர் இடத்தைக்கூட நாங்கள் காணவில்லை. எடைக் கணக்கில் அவர்கள் எழுப்பிய ஒரு சந்தேகம் பணத்தை மிச்சப்படுத்தியது. எம்.பி. 300-க்கு 1964-ஆம் ஆண்டு அட்டவணையில் மீட்டருக்கு 44.2 கிலோ, பின்னர் வந்த அட்டவணையில் 46.0 கிலோ, பழைய கைப்புத்தகம் இன்றும் பல மேசைகளில் இருப்பதால், எந்த அட்டவணைப்படி பில் போடுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். டன் கணக்கில் பணம் பட்டுவாடா ஆகும் பொதுத்துறை வேலையில், பில் நேரத்தில் எழக்கூடிய ஒரு பெரிய தகராறு அங்கேயே முடிந்தது.

நான் கேட்காமலேயே அவர்கள் செய்த ஒன்று மனத்தைத் தொட்டது. எரெக்‌ஷன் தாள்களில் ஒவ்வொரு உறுப்பின் குறிக்கும் பக்கத்தில் "வடக்கு முகம்", "சுவர்ப் பக்கம்", "இதற்கு முன் 7-ஆம் பீமின் முட்டுக்கம்பத்தை எடுக்கக் கூடாது" என்று தமிழில் குறிப்பு எழுதியிருந்தார்கள். சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் ஃபிட்டர்கள் தாளை வாங்கித் தாங்களே படித்து, தாங்களே திசையைச் சரிபார்த்துக்கொண்டார்கள். 15 பீம்களில் ஒன்றுகூடத் திசை மாறி ஏறவில்லை.

கட்டண முறையில் ஒரு மாற்றம் தேவை. இவர்களும் மற்றவர்களைப் போலவே டன்னுக்கு இவ்வளவு என்றுதான் விலை சொன்னார்கள். ஒரே மாதிரியான சட்டகங்கள் திரும்பத் திரும்ப வரும் புதிய தொழிற்கூடத்துக்கு அது பொருந்தும். 32 டன் எஃகில் பெரும்பாலான துண்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் புனரமைப்பு வேலைக்கு அது வரைபவரையும் வஞ்சிக்கும், நாளடைவில் வேலையின் தரத்தையும் கெடுக்கும். தாள் கணக்கிலோ மணிக்கணக்கிலோ பேசிக்கொள்ளுங்கள். அளவெடுக்கச் சைட்டுக்கு வரும் நாட்களுக்குத் தனியாகக் கொடுங்கள். எரெக்‌ஷன் வழியைச் சரிபார்ப்பதும் அவர்கள் பொறுப்பே என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதத் தவறிய வரி அது.

வேலை முடிந்தபின், கட்டி முடித்த நிலையை அப்படியே காட்டும் 'உள்ளபடி' வரைபடத் தொகுதியைக் கேட்டபோது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று தனிக்கட்டணம் கேட்டார்கள். சட்டப்படி சரிதான், கொடுத்துப் பெற்றுக்கொண்டோம். இந்தக் கட்டடத்தின் மூல வரைபடம் எந்த அலமாரியிலும் கிடைக்காததால்தான் நாங்கள் இத்தனை நாள் நாடாவும் தூக்குக்குண்டுமாக அலைந்தோம் என்பதால், அந்தக் கட்டணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கடைசித் தாளில் 15 பழைய கர்டர்களின் ஆழம், அகலம், தொய்வு, சோதனைத் துண்டு வெட்டிய இடம் எல்லாம் குறிக்கப்பட்டுள்ளன. ஐந்தாவது கர்டரின் பக்கத்தில், அதன் நடுத்தகட்டில் பதிந்திருக்கும் எழுத்துகளையும் இருக்கிற இடத்திலேயே, இருக்கிற அளவிலேயே வரைந்திருக்கிறார்கள்.